செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த அல்ட்ரா வைட் ஜூம்?

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டு வாசலில் கேமராவோடு நிற்பவருக்கு உடனே புரிவது, கேமராவோடு வந்த 28-70 மி.மீ. கிட் லென்ஸ் இங்கே வேலைக்கு ஆகாது என்பது. அடுத்த நிமிடமே, "இருக்கிறதிலேயே அகலமானது எது? அதையே வாங்கிடலாம்" என்று மனசு ஓடும். கடைக்காரரும் தலையாட்டுவார். அங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு லென்ஸ் தேடுகிற பலரும் 12 மி.மீ.-ஆ, 14-ஆ, 16-ஆ என்று (எண் சிறிதாக ஆக, படத்தில் அடங்கும் அகலம் கூடும்) அகல முனையிலேயே தலையை உடைத்துக்கொள்கிறார்கள். ஜூமின் மறுமுனை 24-ல் நிற்கிறதா, 28-ல் நிற்கிறதா, 35 வரை போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வீடு முழுக்க எடுத்து முடித்து வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், நல்ல படங்களில் பாதிக்கு மேல் அந்த மறுமுனையில் எடுத்ததாகவே இருக்கும்.

இங்கே வரும் வேலை மூன்று விதம். தங்கும் விடுதியாக மாற்றிய வீடுகளுக்கு விளம்பரப் படம் எடுப்பது ஒன்று. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகளுக்காக, பாகம் பிரிக்கும் முன்போ பழுது பார்க்கும் முன்போ, வீட்டை ஒவ்வொரு கட்டாக (பகுதியாக)ப் பதிவு செய்து கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, சொந்த ஊர் வீட்டிலேயே வைத்து நடத்தும் கல்யாணமும் சாந்தியும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை). செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. ஆனாலும் தூணும் நிலையும் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்வது நிற்கவில்லை. அதனால் இரண்டாவது வகை வேலையைத் தள்ளிப்போட முடியாது. மூன்று வேலைக்கும் ஒரே லென்ஸ் சரிவருமா என்றால், வரும், ஆனால் எல்லாரும் நினைக்கிற லென்ஸ் இல்லை.

என் கேமரா சோனி என்பதால் இ மவுண்ட்டை (சோனி கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) வைத்துப் பேசுகிறேன். மற்ற மவுண்ட்காரர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

களத்தில் இருப்பவை இவை (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்). சோனியின் 16-35 எஃப்/2.8 ஜிஎம் (சோனியின் உயர்தர வரிசை) இரண்டாம் பதிப்பு 2023-ல் வந்தது, எடை 547 கிராம். அதே 16-35, எஃப்/4, பவர் ஜூம் (மோட்டாரில் நகரும் ஜூம்) வைத்தது 2022-ல் வந்தது, வெறும் 353 கிராம். சோனி 12-24 இரண்டு வகை: 2017-ல் வந்த எஃப்/4 ஜி 565 கிராம், 2020-ல் வந்த எஃப்/2.8 ஜிஎம் 847 கிராம். டாம்ரானில் 2019-ன் 17-28 எஃப்/2.8, 420 கிராம். அதற்கு அடுத்ததாக 2025-ல் வந்த 16-30 எஃப்/2.8, 440 கிராம். சிக்மாவில் 2022-ன் 16-28 எஃப்/2.8, 450 கிராம். 2019-ன் 14-24 எஃப்/2.8 ஆர்ட், 795 கிராம்.

நம் ஊர் விலை பண்டிகைக்குப் பண்டிகை மாறும். அமெரிக்காவில் வெளியான அன்றைய விலையைப் பார்த்தால் எது எந்த வரிசை என்று தெரிந்துவிடும்: 12-24 ஜிஎம் 3,000 டாலர், 16-35 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 2,300, 12-24 எஃப்/4 1,700, சிக்மா 14-24 1,400, 16-35 பவர் ஜூம் 1,200, டாம்ரானும் சிக்மாவும் செய்யும் சிறிய எஃப்/2.8 ஜூம்கள் 900-ஐ ஒட்டி. மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

தெருவில் நின்று ஒரு கணக்கு

முழு ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. 36-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்று வந்துவிடும். எதிர்வீட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நின்று, முகப்புக்கு 20 அடி தூரம் கிடைக்கிறது என்று வையுங்கள். 24-ல் 30 அடி அடங்கும். 20-ல் 36 அடி. 17-ல் 42 அடி. 16-ல் 45 அடி. 14-ல் 51 அடி. 12-ல் 60 அடி.

17-க்கும் 16-க்கும் நடுவே மூன்று அடிதான். அந்த மூன்று அடிக்காக டாம்ரான் 17-28-ஐ ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எட்டு பின்னால் வைத்தால் கிடைக்கிற அடி அது. 16-க்கும் 12-க்கும் நடுவே 15 அடி, அது சும்மா இல்லை. ஆனால் நூறு அடிக்கு மேல் நீளும் முகப்புகள் இந்தப் பக்கம் ஏராளம். அந்த வீடுகளுக்கு 12-ம் பத்தாது. பக்கவாட்டில் நின்று சாய்கோணத்தில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்தாறு படமாக எடுத்து ஒட்ட வேண்டும். இரண்டுக்குமே 24, 28 போதும்.

உயரத்தில்தான் 12-ன் அருமை தெரியும். வீட்டுப் படத்தில் தூண்கள் மேலே போய்ச் சாயக்கூடாது என்றால் கேமராவை அண்ணாந்து பிடிக்கக்கூடாது, மட்டமாக வைக்க வேண்டும். மட்டமாக வைத்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தெருத் தார் ரோடு, மேல்பாதியில் மட்டும் வீடு. அதே 20 அடியில், கேமராவை ஐந்து அடி உயரத்தில், படத்தின் நீளப் பக்கம் செங்குத்தாக வரும்படி திருப்பிப் பிடித்து 16-ல் எடுத்தால் தரையிலிருந்து ஏறக்குறைய 27 அடி வரை வரும். 12-ல் எடுத்தால் 35 அடி வரும். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நிற்கும் சுதைச் சிற்பம், மகாலட்சுமி, இரண்டு பக்கச் சிப்பாய் பொம்மை எல்லாம் அந்த எட்டு அடிக்குள்தான் இருக்கும். கீழே வந்த ரோட்டை வெட்டி எறிந்துவிடலாம். 33 மெகாபிக்சல் கேமராவில் பாதி போனாலும் அச்சுக்குத் தாங்கும்.

ஆக, குறுகிய தெருவில் உயர்ந்த முகப்பு என்ற ஒரே ஒரு வேலைக்கு 12-24 நியாயமான லென்ஸ். அந்த ஒரு வேலைக்கு வேறு வழியும் உண்டு. எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்டு அவர்கள் மாடிக்கு ஏறினால் 24-லேயே வேலை முடியும், காபியும் கிடைக்கும். எதிர்வீடு பூட்டிக் கிடந்தால் (பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன) லாவோவாவின் 15 மி.மீ. எஃப்/4.5 ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் 11 மி.மீ. வரை மேலே நகர்த்தலாம். மேலே சொன்ன கணக்கில் போட்டால், கேமராவைப் படுக்கையாக வைத்து எடுத்தாலே அதுவும் 35 அடியைத் தொடுகிறது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஜூம் கிடையாது, வீட்டுக்கு அது பெரிய குறையும் கிடையாது. கட்டடப் படம் மட்டுமே தொழில் என்றால் 12-24-க்குப் போவதைவிட, 16-35 எஃப்/4 ஒன்றும் இந்த ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றும் வைத்துக்கொள்வதையே நான் சொல்வேன்.

நிலைக்குள் நிலை

செட்டிநாட்டு வீட்டின் தனிப்படம் என்று ஒன்று உண்டு. முகப்பு, நிலைக்கதவு, வளவு (திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் வரிசையும்), இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும்படி கட்டிய வீடு. முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாக, வெளிச்சமும் நிழலும் மாறி மாறி, கடைசியில் பின்வாசலின் வெயில் தெரியும். வீட்டைப் பதிவு செய்யச் சொன்ன பங்காளிகள் முதலில் கேட்பது இந்தப் படத்தைத்தான்.

இதை 16-ல் எடுத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் நிலைக்கதவு படத்தை முழுக்க அடைத்துக்கொள்ளும்; அதன் நடுவே பின்வாசல் கடுகாய்ப் போயிருக்கும். கணக்கும் அதையே சொல்கிறது. பின்வாசல் 120 அடி தள்ளி, நான்கு அடி அகலம் என்றால் 16-ல் அது படத்தின் அகலத்தில் ஒன்றரை சதவீதம். 35-ல் மூன்று சதவீதத்துக்கு மேல். பரப்பளவில் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிது. கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்து நிற்கும். அல்ட்ரா வைட் செய்வது நேர்மாறு: கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே இல்லாத தூரத்தை உண்டாக்கிவிடும்.

12-24-ம் சிக்மா 14-24-ம் இங்கே தோற்கின்றன. 24-ல் பின்வாசல் இரண்டு சதவீதம். பரவாயில்லை என்று சொல்லலாம், நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. லென்ஸ் மாற்றலாமே என்றால் மாற்றலாம். ஆனால் வெள்ளையடிப்பு உதிரும் பழைய வீட்டில், செம்மண் புழுதி காற்றில் நிற்கும் வைகாசி மாதத்தில், வளவுக்கு நடுவே சென்சாரைத் திறந்து வைத்து லென்ஸ் மாற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. 28-லும் 30-லும் முடியும் சிறிய ஜூம்கள் தோற்பதில்லை. கொஞ்சம் வெட்டிக்கொண்டால் 35 வந்துவிடும். இந்தக் கணக்கில் டாம்ரான் 16-30 நல்ல இடத்தில் நிற்கிறது: இரண்டு முனையிலும் அதிகம் விட்டுக்கொடுக்காமல், ஜிஎம்மின் பாதி விலைக்கும் கீழே.

வளவும் வெளிச்சமும்

எஃப்/2.8 வேண்டுமா, எஃப்/4 போதுமா என்பது அடுத்த சண்டை. வீட்டுப் படத்துக்கு எஃப்/4 போதும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளவின் நடுவே வானம் திறந்து உச்சி வெயில் விழும். தூண் வரிசைக்குப் பின்னால் இருக்கும் நடையில் அரையிருட்டு. அறைக்குள் அதைவிட இருட்டு. வெயிலுக்கும் நடைக்கும் ஆறேழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். எந்த அபர்ச்சரும் இதைத் தீர்த்து வைக்காது. முக்காலி போட்டு, எஃப்/8 வைத்து, வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்றோ ஐந்தோ படம் எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான். 16 மி.மீ., எஃப்/8-ல் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே ஃபோகஸ் வைத்தால் அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவு. முன்தூணின் போதிகையும் தெளிவு, எதிர்ப்பக்கத்துக் கதவும் தெளிவு. எஃப்/2.8-க்குக் கொடுத்த காசு முக்காலி மேல் தூங்கும்.

உச்சி வெயிலைத் தவிர்த்துவிட்டு, சூரியன் ஓட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, வளவில் நிழல் பரவும் நாலரை மணிக்குமேல் எடுப்பது இன்னும் சுலபம். வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். சில வீடுகளில் அந்த நேரத்துக்குத்தான் சாவி வைத்திருக்கும் காவல்காரர் பூட்டிக்கொண்டு கிளம்புவார். அது வேறு பாடு.

தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அல்ட்ரா வைட் படத்தில் பாதி தரைதான். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்வது. அதனால்தான் மேல்முகம் அவ்வளவு வழவழப்பு. பல வருஷம் கால் பட்ட தரையில் வெளிச்சம் சறுக்கிக்கொண்டு போகும். வளவிலிருந்து வரும் வெளிச்சம் அந்தத் தரையில் வெள்ளைத் திட்டாகப் பட்டு, சிவப்பும் பச்சையும் வெளுத்துவிடும். போலரைசர் ஃபில்டரைப் பாதி திருப்பினால் திட்டு அடங்கி நிறம் மேலே வரும். முழுக்கத் திருப்பினால் பளபளப்பே செத்துப் போய் சாதாரண சிமெண்ட் தரையாகிவிடும், அதுவும் வேண்டாம். வெளியே வானத்தை எடுக்கும்போது மட்டும் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். இவ்வளவு அகலத்தில் வானத்தில் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளுப்பு என்று பட்டை விழும்.

இந்த ஃபில்டர் சமாச்சாரத்துக்குத்தான் முன்கண்ணாடி முக்கியம். சோனி 12-24 இரண்டும் சிக்மா 14-24-ம் முன்கண்ணாடி புடைத்து நிற்பவை. முன்னால் சாதாரண ஃபில்டர் திருக முடியாது. 16-35 பவர் ஜூமுக்கும் சிக்மா 16-28-க்கும் 72 மி.மீ., டாம்ரான் இரண்டுக்கும் 67 மி.மீ., 16-35 ஜிஎம்முக்கு 82 மி.மீ. ஃபில்டர் சிறிசாக ஆக விலையும் இறங்கும். புடைத்த கண்ணாடிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வளவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மூலையில் வானம் இருக்கும், அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் படத்தில் புகை படிந்தது போல் ஒரு வெளுப்பு.

நேர்கோடு பற்றி ஒரு வார்த்தை. இப்போது வரும் மிரர்லெஸ் ஜூம்கள் பலவற்றில் வளைவைக் கண்ணாடி பாதி சரிசெய்யும், மீதியை மென்பொருள் சரிசெய்யும். 16-35 பவர் ஜூமை அகல முனையில் திருத்தம் இல்லாமல் திறந்தால் தூண் வரிசை வெளியே பிதுங்கி நிற்கும். மென்பொருளில் அந்த லென்ஸுக்கான திருத்த புரொஃபைலைப் போட்டதும் நேராகிவிடும். கொள்கைக்காரர்களுக்கு இது பிடிக்காது. படத்தில் தூண் நேராக நின்றால் எனக்குப் போதும்.

ஓரத்தில் நிற்பவர்கள்

அல்ட்ரா வைட் லென்ஸ் ஓரத்தில் இருப்பதைப் பக்கவாட்டில் இழுக்கும். இது லென்ஸின் குறை இல்லை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும் இதைச் செய்தே ஆகும். எவ்வளவு இழுக்கும் என்பதும் கணக்குக்கு அடங்கும். படத்தின் இடது, வலது ஓரத்தில் 35-ல் 12 சதவீதம், 24-ல் 25 சதவீதம், 20-ல் 34, 16-ல் 50, 14-ல் 63, 12-ல் 80 சதவீதம். உருண்டைத் தூண் ஓரத்தில் வந்தால் தடித்த தூண் ஆகும். அது பரவாயில்லை. கல்யாணக் கூட்டுப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா ஒன்றரை மடங்கு அகலமானால் அது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் படம் ஆல்பத்தில் ஏறாது, ஏறினால் அடுத்த கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

விடுதிப் படத்திலும் இந்த இழுப்பு வேறு உருவில் வரும். ஒரு வீட்டில் 14-ல் எடுத்த வளவுப் படத்தைக் காட்டினேன். அந்த வீட்டு ஆச்சி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏன்ப்பா, நம்ம வளவு எப்ப இவ்வளவு பெருசாச்சு?"

"லென்ஸ் அப்படிக் காட்டும் ஆச்சி."

"வர்றவுக இதைப் பாத்துட்டு வந்து, 'இவ்வளவுதானா'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். 20-ல் எடுத்த படமே இணையதளத்துக்குப் போனது. தங்க வருகிறவர் ஏமாறாமல், வளவின் நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தெரிய வேண்டும் என்றால் 18-லிருந்து 22 வரைதான் சரியான இடம் என்பது என் அனுபவம். அதற்குக் கீழே போவது குளியலறைக்கும் மாடிப்படிக்கும் மட்டும்.

கல்யாண வீடு

இங்கே கதையே மாறுகிறது. முக்காலிக்கு இடமில்லை, ஆட்கள் அசைகிறார்கள், வெளிச்சம் வீடியோகாரர் கையில். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, உங்களுக்கு மிஞ்சுவது ஒரு முழம் இடம். 16-ல் மாப்பிள்ளை, பெண், கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி), சுற்றி நிற்கும் முகங்கள், மேலே மர விதானம் எல்லாம் ஒரே படத்தில் வரும். அடுத்த நொடியே பெண்ணின் முகம் தனியாக வேண்டும், 35-ஆவது வேண்டும். இந்த இரண்டு நொடிக்கு நடுவே லென்ஸ் மாற்ற முடியாது.

எஃப்/2.8 தன் காசைச் சம்பாதிப்பது இங்கேதான். எஃப்/4-ல் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் இடத்தில் எஃப்/2.8-ல் 3200 போதும். கேமராவுக்குள் இருக்கும் நடுக்கக் கட்டுப்பாடு உங்கள் கையைத்தான் நிறுத்தும், மாலை மாற்றும் கையை நிறுத்தாது.

ஒரே கேமராவை வைத்துக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் 16-35 ஜிஎம் இரண்டாம் பதிப்புக்குக் கடன் வாங்கினாலும் தப்பில்லை என்பேன். இரண்டு கேமரா தோளில் தொங்கவிடுபவருக்கு அது வீண் செலவு. ஒன்றில் டாம்ரான் 17-28-ஓ சிக்மா 16-28-ஓ, இன்னொன்றில் 28-75-ஓ 24-70-ஓ என்று போட்டால் இடைவெளியே கிடையாது. மிஞ்சிய காசில் இரண்டாவது லென்ஸில் பாதி வந்துவிடும். டாம்ரானை அகல முனையில் 19 செ.மீ. வரை கிட்டே கொண்டுபோய் ஃபோகஸ் பண்ணலாம் என்பதும் இங்கே உதவும். சாமான் பரப்பி வைத்திருக்கும் கூடத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கை முன்னால் பெரிதாக வைத்து, பின்னால் பித்தளை, எனாமல், மரப்பாத்திரம் என்று வரிசை வரிசையாகச் சுவர் வரை போகவிட்டு எடுக்கும் படம் வேறு எந்த லென்ஸிலும் இவ்வளவு சுவையாக வராது. தூக்கின் வளைவில் உங்கள் முகம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ஜியம் கண்ணாடி மாட்டிய பட்டாலைக் கூடத்திலும் இதே எச்சரிக்கைதான்.

புடைத்த கண்ணாடி லென்ஸ்களைக் கல்யாணக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். குத்துவிளக்கு, வேவுக் கடகம் (சடங்குக் கூடை), ஓடும் பிள்ளைகள். இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

வீடியோவும் சேர்த்துச் செய்பவர்களுக்கு 16-35 பவர் ஜூம் தனி இன்பம். ஜூம் பண்ணினாலும் நீளம் மாறாது, அதனால் கிம்பலில் (ஆட்டம் தடுக்கும் பிடியில்) ஒருமுறை சமன் செய்தால் போதும். டாம்ரான் 17-28-ம் சிக்மா 16-28-ம் அப்படியே நீளம் மாறாதவை. ஜிஎம் இரண்டாம் பதிப்பு நீளும்.

சின்ன சென்சார்காரர்களுக்கு

ஏ6400, ஏ6700 போன்ற ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்கள் முழு ஃப்ரேமுக்கு மாறிவிட்டுத்தான் வீடு எடுக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். சிக்மா 10-18 எஃப்/2.8 (2023, 260 கிராம்) முழு ஃப்ரேம் கணக்கில் 15-27. சோனி 10-20 எஃப்/4 பவர் ஜூம் (2022, 178 கிராம்) 15-30. டாம்ரான் 11-20 எஃப்/2.8 (2021, 335 கிராம்) கிட்டத்தட்ட 16-30. முக்காலி போட்டு எடுக்கும் வீட்டுப் படத்தில் இதற்கும் முழு ஃப்ரேமுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வீடு மட்டும் என்றால் சோனி 10-20. 30 வரை போகிறது, பையில் இருப்பதே தெரியாது. கல்யாணமும் உண்டு என்றால் டாம்ரான். சிக்மா மூன்றிலும் கச்சிதமான எஃப்/2.8, ஆனால் 27-ல் நிற்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. ஏ6400-ல் உடலுக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை, இந்த மூன்று லென்ஸிலும் இல்லை. கையில் பிடித்து இருட்டறை எடுக்க நினைத்தால் அதை மனசில் வையுங்கள்.

மற்ற மவுண்ட்கள், சுருக்கமாக. நிக்கான் இசட் வைத்திருப்பவருக்கு 14-30 எஃப்/4 (2019, 485 கிராம்) இருக்கும்போது வேறு எதையும் தேட வேண்டாம். 14 வரை போயும் தட்டையான முன்கண்ணாடி, 82 மி.மீ. ஃபில்டர் நேராகத் திருகலாம். சோனியில் இப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமை உண்டு. கேனான் ஆர்எஃப்பில் வீட்டுக்கு 14-35 எஃப்/4 (2021, 540 கிராம்), கல்யாணத்துக்கு 2025-ல் வந்த 16-28 எஃப்/2.8 (445 கிராம்). ஃபியூஜியில் 10-24 எஃப்/4, 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பு. லென்ஸுக்குள்ளேயே நடுக்கக் கட்டுப்பாடு உண்டு, 15-36 என்ற வீச்சும் செட்டிநாட்டு வீட்டுக்கென்றே அளந்தது போல் இருக்கிறது.

வாங்கும் முன்

ஐஃபோன் இருந்தால் அதன் 0.5 லென்ஸ் 13 மி.மீ.க்குச் சமம். ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போய், ஒவ்வோர் இடத்தையும் 0.5-லும் 1-லும் எடுத்துப் பாருங்கள். 0.5-ல் எடுத்தவற்றில் பிறருக்குக் காட்டலாம் என்று தோன்றுபவை எத்தனை, "எவ்வளவு பெருசு!" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதவை எத்தனை என்று பிரியுங்கள். முதல் வகை நிறைய என்றால் உங்கள் கண் அகலக் கண். 12-24-ஐ வாடகைக்கு எடுத்து ஒரு நாள் பார்க்கலாம். எனக்கு அந்தப் பிரிப்பில் 1 ஜெயித்தது. 16-35 எஃப்/4 பவர் ஜூமில் நிற்கிறேன், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் எஃப்/2.8 வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் விற்பவரைச் சமமான சுவரோ கட்டம் போட்ட தரையோ இருக்கும் இடத்துக்கு வரச்சொல்லுங்கள். முக்காலியில் கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே மட்டமாக வைத்து, அகல முனையில் முழு அபர்ச்சரில் ஒன்று, எஃப்/8-ல் ஒன்று எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். முழு அபர்ச்சரில் நாலு மூலையும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் சுபாவம், வாங்கலாம். மூன்று தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி ஒன்று நகர்ந்திருக்கிறது. எஃப்/8-லும் அந்த மூலை தேறவில்லை என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.